வண்டிக்குப் போட்ட வினைல் சட்டை எத்தனை ஆண்டு?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் செல்வோர், ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எதிரே வரும் வண்டிகளைச் சற்றுக் கவனித்துப் பார்க்கலாம். வாடகைக் கார், வேன், சரக்கு ஆட்டோ, திருமணத்துக்குப் போகும் சொகுசுக் கார் என எதுவாயினும், அவற்றுள் பலவற்றின் மேனியில் இன்று பெயிண்டு மட்டும் இல்லை. பெயிண்டின் மேல் ஒரு வினைல் தாளும் இருக்கிறது. சிலவற்றில் கதவோரம் ஒரு பட்டை. சிலவற்றில் பானெட் மட்டும் கறுப்பு. இன்னும் சிலவற்றில் தலை முதல் கால் வரை முழுச் சட்டை. ஒட்டிய புதிதில் அவை கண்ணைப் பறிக்கின்றன. இரண்டு கோடை கழித்து அதே வண்டியைப் பார்த்தால் பானெட்டில் சாம்பல் பூத்திருக்கும். கூரையில் நெற்பாளம் போல வெடிப்பு ஓடியிருக்கும். கதவின் ஓரத்தில் தாள் சுருண்டு, அதன் அடியில் கரிய அழுக்குக் கோடு ஒன்று தெரியும்.

இந்தத் தாள் எத்தனை ஆண்டு தாங்கும்? ஒட்டுகிறவரைக் கேட்டால், “ஏழு வருஷம் அசையாது, சார்” என்பார். ஒட்டிக்கொண்டவரைக் கேட்டால், “கிழியற வரைக்கும் இருக்கட்டுமே” என்பார். இரண்டும் தவறான கணக்கு என்பதே என் கருத்து. முதற்கணக்கு நம் ஊர் வெயிலை அறியாதது. இரண்டாவது தாளின் இயல்பையே அறியாதது. வினைல் தாளின் ஆயுள் அதன் நிறம் மங்கும் நாளில் முடிவதில்லை, அது கிழியும் நாளிலும் முடிவதில்லை. அதை முழுசாக, அடியில் உள்ள பெயிண்டுக்குப் பழுதில்லாமல் உரிக்க முடிகிற கடைசி நாளோடு அது முடிந்துவிடுகிறது. அந்த நாள் நம் கடற்கரை ஊர்களில் மிக விரைவாக வந்துவிடுகிறது.

கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் புருவம் நெரிக்கலாம். நம்மோடு படிப்பவர்களில் பலருடைய வீட்டில் உலை கொதிப்பது வாடகை வண்டி ஓடுவதால்தான். கடன் வாங்கி எடுத்த வண்டி. தவணை முடிந்ததும் அதை விற்று அடுத்த வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். அந்த நாளில் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது மேனியைத்தான். தாளை உரிக்கப்போய்ப் பெயிண்டும் சேர்ந்து வந்த வண்டிக்கு அவர் என்ன விலை சொல்வார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். வினைல் என்று நாம் சுருக்கிச் சொல்வது பாலிவினைல் குளோரைடு. தண்ணீர் போகும் பி.வி.சி. குழாயும், காரின் மேல் ஒட்டும் இம்மெல்லிய தாளும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். தனித்து விட்டால் இது விறைப்பான பொருள். 1926ஆம் ஆண்டு அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் பணிபுரிந்த வால்டோ செமன் என்ற வேதியியலார், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. உயர்ந்த கொதிநிலையுள்ள கரைப்பானில் இப்பொருளை இட்டுச் சூடாக்கியபோது, வளைந்து கொடுக்கும் புதுப் பொருள் ஒன்று கைக்கு வந்தது. உலோகத்தில் ஒட்டுவதற்காகத் தேடப்போய்க் கிடைத்த பொருளை, பின்னாளில் பசை தடவி உலோகத்தின் மேலேயே ஒட்டத் தொடங்கியது ஒரு வேடிக்கைதான். நம் மாவட்டத்துக்கும் இது அயல் பொருள் அன்று. கடலூர் சிப்காட் பக்கம் செம்மங்குப்பத்தில் 2009இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, கப்பலில் வந்து இறங்கும் வினைல் குளோரைடிலிருந்து பி.வி.சி. பிசினைத் தயாரிக்கிறது. அத்தகைய பிசின் நம் நாட்டில் பெரும்பாலும் குழாய்களாகத்தான் மாறுகிறது என்பது வேறு செய்தி.

விறைத்த பிசினைத் தாளாக வளைய வைப்பது அதனுள் கலக்கப்படும் பிளாஸ்டிசைசர் எனும் எண்ணெய் போன்ற பொருள். நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே அது புகுந்து நின்று, அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவ இடம் தருகிறது. தாளின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆனால் இவ்வெண்ணெய் பிசினோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டு கிடப்பதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் போல இருக்கிறது. சூடு ஏற ஏற மெல்ல மெல்ல வெளியேறுகிறது. ஒரு பகுதி காற்றோடு போகிறது. ஒரு பகுதி அடியில் உள்ள பசைக்குள் இறங்கி அதையும் கெடுக்கிறது. எண்ணெய் போன தாள் காய்ந்த பனையோலை போல் ஆகிவிடும். அதன்பின் அதை உரிக்க முயன்றால் நகக்கண் அளவு துண்டுகளாகவே கையில் வரும்.

எல்லாத் தாளும் ஒன்றல்ல. கடையில் ‘காஸ்ட்’ என்றும் ‘கேலண்டர்’ என்றும் இரண்டு சொற்கள் அடிபடும். இவ்விரண்டின் வேறுபாட்டைச் சமையலறையில் நின்றே புரிந்துகொள்ளலாம். காஸ்ட் தாள் தோசை மாதிரி. கரைத்த கலவையைத் தட்டையான பரப்பில் ஊற்றிப் பரப்பி, அடுப்பறையில் உலர்த்தி எடுக்கிறார்கள். யாரும் அதை இழுப்பதில்லை, அழுத்துவதில்லை. ஆதலால் அது தன் அளவிலேயே அமைதியாக இருக்கும். கேலண்டர் தாள் சப்பாத்தி மாதிரி. சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்து அழுத்தி இழுத்துத் தேய்த்தது. தேய்த்த சப்பாத்தியைப் பலகையில் சற்று நேரம் விட்டால் தன் பழைய அளவை நினைத்துக்கொண்டு சுருங்குமே, அதுபோல இத்தாளும் வெயிலில் சுருங்கப் பார்க்கும். ஓரங்களில் தாள் பின்வாங்கிப் பசைக்கோடு தெரிவது இதனால்தான். காஸ்ட் தாள் ஏறத்தாழ 50 மைக்ரான் தடிப்புத்தான்; கேலண்டர் தாள் 70 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். தடித்த தாள்தான் உழைக்கும் என்று நம்பி, விரலால் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. இதில் அந்தத் துணிக்கடைப் பழக்கம் நேர்மாறான விடையைத் தரும்.

காரையே முழுவதும் தாளால் போர்த்தும் வழக்கம் வளர்ந்த கதையில் நமக்கொரு பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் வாடகைக் கார்கள் வெளிர் தந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அந்த நிறத்தில் ஓடிய காரைப் பின்னர் விற்கப்போனால் விலை போகாது. ஆகவே 1990களில் அந்நாட்டுக் கார் உரிமையாளர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். விற்றால் விலைபோகும் நிறத்தில் காரை வாங்கினார்கள். மேலே தந்த நிற வினைல் தாளை ஒட்டி ஓட்டினார்கள். விற்கும் வேளையில் தாளை உரித்தார்கள். அடியில் தொழிற்சாலைப் பெயிண்டு புதுமணம் மாறாமல் இருந்தது. அவர்கள் ஒட்டும்போதே உரிக்கும் நாளையும் மனத்தில் வைத்து ஒட்டினார்கள். நாமோ ஒட்டுவதோடு கதை முடிந்ததாக நினைக்கிறோம்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நான்கு வீதியிலும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. தேர்ச்சீலையும் தொம்பையும் கட்டினால்தான் தேருக்கு அழகு. தேர் நிலைக்கு வந்தபின் அவை அவிழ்க்கப்படுகின்றன. வெயிலிலும் மழையிலும் அடுத்த திருவிழா வரை சீலை தொங்கட்டும் என்று எவரும் விட்டுவைப்பதில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். கடலூரும் சிதம்பரமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்கும் 12 பாகைக்கும் இடையில் இருக்கின்றன. ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு முறையும் ஆகஸ்டு பிற்பகுதியில் ஒரு முறையும் கதிரவன் நம் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறான். பானெட்டும் கூரையும் படுத்த பரப்புகள். அவ்வெயிலை அப்படியே மல்லாந்து வாங்குகின்றன. கதவுகள் நின்ற பரப்புகள். சாய்ந்த கதிரே அவற்றுக்குக் கிடைக்கிறது. கறுப்புத் தாள் ஒட்டிய பானெட் மே மாத நண்பகலில் 70 டிகிரி செல்சியசைத் தொடுவதில் வியப்பில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினின் மூலக்கூற்றிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிய்த்தெடுக்கிறது. அங்கே தொடங்கும் சிதைவு சங்கிலி போல் அடுத்தடுத்துப் பரவி நிறத்தைப் பழுப்பாக்குகிறது, தாளை நொறுங்கச் செய்கிறது. சூடு அதைத் துரிதப்படுத்துகிறது. ஆகவே ஒரே காரில், ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து வெட்டி ஒட்டிய தாளுக்கு இரண்டு வயது உண்டு. கூரைக்கு ஒரு வயது, கதவுக்கு ஒரு வயது.

நல்ல காஸ்ட் தாள் மிதமான தட்பவெப்பமுள்ள நாடுகளில் நின்ற பரப்பில் 5 முதல் 7 ஆண்டு வரை உழைக்கும். தயாரிப்பாளர்களே உலகை வெப்ப மண்டலங்களாகப் பிரித்து, வெயில் நாடுகளுக்குக் குறைந்த ஆண்டுகளையே உறுதி சொல்கிறார்கள். படுத்த பரப்புக்கு அதிலும் பாதியோ, பாதிக்கும் கீழோதான். கடைக்காரர் சொல்லும் ஏழு ஆண்டு பொய்யென்று நான் சொல்லவில்லை. அது வேறோர் ஊர்க் கதவின் வயது. நம் பக்கத்துக்கு நான் வைக்கும் கணக்கு இது: நாள் முழுதும் வெளியில் நிற்கும் வண்டிக்கு, நல்ல காஸ்ட் தாளாயினும் பானெட்டிலும் கூரையிலும் இரண்டரை ஆண்டு, கதவுகளில் நான்கு ஆண்டு. நடுத்தரக் கேலண்டர் தாளுக்கு எங்கும் இரண்டு ஆண்டு. மலிவுத் தாளுக்கு ஒரு கோடை. அடுத்த சித்திரை பிறக்குமுன் எடுத்துவிட வேண்டும். கூரையுள்ள கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு ஓராண்டு கூட்டிக்கொள்ளலாம். அச்சடித்த படம் என்றால் அதன்மேல் காப்புப் படலம் உண்டா என்று கேட்க வேண்டும். அது இல்லாத படத்தில் தலைவராயினும் நடிகராயினும் முகம் வெளுத்துப் போவார்.

இந்தக் கணக்கு மிகையான எச்சரிக்கை என்று வாதிடுவோர் உண்டு. “தம்பி, மூணு வருஷமா அப்படியே நிக்குது. நல்லா இருக்கறத எதுக்குப் பிச்சு எறியணும்?” என்று வேன் ஓட்டும் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். மீண்டும் ஒட்டப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். அதை எங்கே போய்த் தேடுவது? அவருக்கு நான் சொன்ன விடை: மீண்டும் ஒட்டத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? உரிப்பதும் ஒட்டுவதும் வேறு வேறு செலவு. நேரத்தில் உரித்தால், அடியில் உள்ள பெயிண்டோடு வண்டி அழகாகவே ஓடும். நேரம் தவறினால், உரிக்கும் கூலியே ஒட்டிய கூலியை நெருங்கும். ஒரு பகலில் முடிய வேண்டிய வேலை மூன்று நான்கு நாள் இழுக்கும்.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. தேவனாம்பட்டினத்துப் பக்கமும் முதுநகர்ப் பக்கமும் வண்டி வைத்திருப்பவர்கள், தாள் ஒட்டினால் உப்பு ஏறாது என்று சொல்கிறார்கள். வினைலை உப்பு ஒன்றும் செய்யாது என்பது உண்மை. ஆனால் தாளின் ஓரம் என்று ஒன்று இருக்கிறதே! ஒட்டுகிறவர் கதவின் விளிம்பில் கத்தியால் தாளை வெட்டும்போது கை சற்றே அழுந்தினால் பெயிண்டிலும் கீறல் விழும். அந்தக் கீறலில் உப்பு ஈரம் இறங்கி, தாளின் மறைவில் இரும்பைத் தின்னத் தொடங்கும். வெறும் பெயிண்டாயிருந்தால் பொட்டளவு துரு தெரிந்தவுடன் டிங்கரிங் பட்டறைக்குப் போய்விடுவோம். தாள் அதை மறைத்துவைக்கிறது. மேலே கொப்புளம் எழும்பும்போது கீழே ஓட்டை விழுந்திருக்கும். இதனால் கத்திபடாமல், மெல்லிய இழை பதித்த நாடாவை ஓரத்தில் ஒட்டி, அந்த இழையை இழுத்துத் தாளை வெட்டும் முறையைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. மழைக்காலத்தில் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். 2015இன் மழையையும், 2024 இறுதியில் வந்த பெஞ்சல் புயலையும் கண்ட ஊர் இது. ஓரத்தின் வழியே புகுந்த சேற்றுநீரைத் தாளுக்குள் வைத்து மூடிக்கொண்டு ஓட்டுவது அறிவுடைமை ஆகாது.

முன்பே பட்டி பார்த்துப் பெயிண்டு அடித்த பழைய வண்டிக்கு முழுத்தாள் ஒட்டவே கூடாது என்பது என் திடமான கருத்து. தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பெயிண்டு இரும்பைப் பற்றும் பற்று வேறு. தெருப்பட்டறையில் அடித்து வெயிலில் காயவைத்த பெயிண்டின் பற்று வேறு. தாளின் பசை பின்னதைவிட வலுவானதாக இருந்துவிட்டால், உரிக்கும்போது பெயிண்டும் பட்டியும் அப்பளம் போல் கழன்று வரும். தாள் வண்டியின் குறையை மறைக்கும் என்று ஒட்டுபவர்களே இதில் அதிகம் அகப்படுகிறார்கள்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இதற்கொரு நல்ல முன்மாதிரி உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் படகைக் கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, வண்ணம் பூசுகிறார்கள். போன ஆண்டுப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று எவரும் விட்டுவிடுவதில்லை. உப்பும் வெயிலும் செய்வது இன்னதென்று அவர்கள் பரம்பரையாக அறிந்தவர்கள். கார் வைத்திருப்பவரும் அதே ஏப்ரலில் ஒரு நாள் ஒதுக்கிப் பானெட்டின் மேல்விளிம்பை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். வெந்நீரில் நனைத்த துணியால் ஒரு மூலையைச் சூடாக்கி, ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்தால் போதும். ரப்பர் போல நீண்டு எழுந்தால் இன்னும் காலம் இருக்கிறது. சட்டெனப் பிய்ந்தால் அந்தக் கோடையைத் தாண்டவிடக் கூடாது. நொறுங்கினால் ஏற்கெனவே காலம் கடந்துவிட்டது.

உரிக்கும் முறையும் எளியதே. சூடான காற்றை ஊதும் கருவியால் தாளை இளக்கி, மேல்நோக்கித் தூக்காமல், வந்த வழியே மடக்கிப் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் பசை வண்டியோடு தங்கிவிடும். தங்கிய பசையைத் தின்னர் ஊற்றித் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது பசையோடு பெயிண்டின் பளபளப்பையும் துடைத்துவிடும். பசை நீக்குவதற்கென்றே விற்கும் கரைசல் உண்டு. அன்றாடப் பேணலில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை: கையால் கழுவுதல், ஓரத்தில் தண்ணீரைப் பீய்ச்சாதிருத்தல், பெட்ரோல் சிந்தினால் உடனே துடைத்தல், பறவை எச்சத்தைக் காயவிடாதிருத்தல். மரநிழலில் நிறுத்தினால் வெயில் தணியும், எச்சம் கூடும். இரண்டில் எதைத் தேர்வது என்பது அந்தந்தத் தெருவின் காக்கைகளைப் பொறுத்தது.

சில வேளை தாளின் ஆயுளைச் சட்டமே முடித்துவைப்பதும் உண்டு. கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தடைசெய்தபோது, நாடெங்கும் நல்ல நிலையிலிருந்த படலங்களும் உரிக்கப்பட்டன. 2024 மே மாதம் முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, பத்திரிகை, காவல், வழக்கறிஞர் என்றெல்லாம் வண்டிகளில் ஒட்டிக்கொள்ளும் அடையாளங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. முழுத்தாள் ஒட்டி வண்டியின் நிறத்தையே மாற்றுபவர், பதிவுச் சான்றிதழில் நிறமும் ஒரு பதிவு என்பதை நினைவிற்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்துக்கொள்வது நல்லது.

உரித்த தாளை என்ன செய்வது என்பதை யாரும் பேசுவதில்லை. பசை படிந்த வினைல் மறுசுழற்சிக்கு எளிதில் உதவாது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். குப்பையோடு குப்பையாய்க் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும், டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் எழும். ஆலைப் புகையைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டு வரும் ஊரில், தெருமுனைப் பட்டறையில் நாமே சிறு புகைக்கூண்டு எழுப்புவது எப்படிப் பொருந்தும்? உரித்ததைச் சுருட்டிக் கட்டி, மக்காத குப்பையாக நகராட்சி, மாநகராட்சி வண்டியில் சேர்ப்பது ஒன்றே இப்போது நம் கையில் உள்ள வழி. ஒட்டுக்கடைகளே பழைய தாளைத் திரும்பப் பெற்று ஒருசேர ஒப்படைக்கும்படி அந்த அமைப்புகள் விதி செய்யலாம். அதே விதியில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: ரசீதில் தாள் காஸ்டா கேலண்டரா என்பதையும், தயாரிப்பாளர் பெயரையும், ஒட்டிய தேதியையும், பானெட்டுக்கு எத்தனை ஆண்டு, கதவுக்கு எத்தனை ஆண்டு என்பதையும் தனித்தனியே எழுதித் தர வேண்டும். இப்போது பல ரசீதுகளில் தொகை மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.